எண்ணெய் வரும் முன்னே வரைபடம் வரட்டும்

2017 ஜனவரி 28 அதிகாலை, எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே ‘பிடபிள்யூ மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. பெரிய கசிவு இல்லை என்றுதான் முதலில் சொன்னார்கள். அடுத்தடுத்த நாட்களில் எர்ணாவூர் ஆர்.கே. நகர் குப்பத்துக் கரையில் தார் போலக் கெட்டியான எண்ணெய் வந்து ஒதுங்கியது. உறிஞ்சு இயந்திரங்கள் திணறின. மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் வரிசையாக நின்று பிளாஸ்டிக் வாளியில் மொண்டு எடுத்தார்கள்.

அவ்வளவு எண்ணெய் அந்த இடத்தில் ஏன் சேர்ந்தது? கடலரிப்பைத் தடுக்க அங்கே பாறாங்கற்களைக் கொட்டியிருக்கிறார்கள். அலையோடு வரும் எண்ணெய் கல்லிடுக்குகளில் புகுந்துவிட்டால் எளிதில் வெளியே வராது. மேலே துடைத்தாலும் அடுத்த வெயிலுக்கு உள்ளிருந்து கசியும். எண்ணெய் வந்த பிறகு கண்டுபிடிக்க வேண்டிய விஷயமல்ல இது. கரையின் தன்மையை முன்பே குறித்துவைத்த வரைபடம் கையில் இருந்தால், மிதவைத் தடுப்பை முதலில் எங்கே போடுவது என்பது முதல் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும்.

அப்படி வரைபடம் தயாரிக்கும் முறை ஏற்கெனவே இருக்கிறது. 1979-இல் மெக்சிகோ வளைகுடாவில் ‘இக்ஸ்டாக்’ எண்ணெய்க் கிணறு வெடித்தபோது, அமெரிக்கக் கரையை எண்ணெய் எட்டுவதற்குச் சில நாட்கள் முன்பு அவசரமாக முதல் வரைபடங்களைத் தயாரித்தார்கள். கரைக்கு 1 முதல் 10 வரை எண் கொடுப்பார்கள். அலை நேரடியாக மோதும் செங்குத்துப் பாறைக்கு 1. அலையே அதைக் கழுவிவிடும். மணற்கரை அதற்கு மேல். கொட்டிய பாறாங்கல் இன்னும் மேல். சதுப்பும் அலையாத்திக் காடும் 10. அலையாத்தி மரம் சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களால்தான் மூச்சு விடுகிறது. அவற்றின் மேல் எண்ணெய் பூசிக்கொண்டால் மரத்துக்கு மூச்சு முட்டும். சேற்றுக்குள் இறங்கிய எண்ணெயோ ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

கரையின் எண்ணோடு இன்னும் இரண்டு அடுக்குகள் வேண்டும். ஆமை முட்டையிடும் இடம், பறவைகள் இறங்கும் இடம் போன்ற உயிரினங்களின் அடுக்கு ஒன்று. மனிதர்களின் அடுக்கு மற்றொன்று: குடிநீர் எடுக்கும் இடம், படகுத்துறை, மீனவர்கள் முறை வைத்து வலை விரிக்கும் ‘பாடு’. நம் நாட்டில் கைவிடப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றாவது அடுக்குதான் என்பது என் கருத்து. எண்ணூர் கழிமுகத்தின் பெரும்பகுதியே ஓர் அரசு வரைபடத்தில் காணாமல் போய்விட்டதாக மீனவர்களும் சூழலியல் ஆர்வலர்களும் 2017-இல் குற்றம்சாட்டினார்கள். 2023-இல் கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைவு வெளியானபோதும், எங்கள் ஊர்ப் பொது இடங்களும் மீன்பிடி இடங்களும் எங்கே என்று மீனவர்கள் கேட்டார்கள். வரைபடத்தில் இல்லாதவருக்கு இழப்பீட்டுப் பட்டியலில் இடம் பிடிப்பதும் பெரும்பாடு.

அதே 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து எண்ணெய் பக்கிங்ஹாம் கால்வாய், கொசஸ்தலை ஆறு வழியாக எண்ணூர் கழிமுகத்துக்கு வந்தது. கழிமுகத்து அலையாத்தி வேர்களும் படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது. மாநில அரசு 8.68 கோடி ரூபாய் நிவாரணம் அறிவித்தது: 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய். மாதக்கணக்கில் தொழில் முடங்கும் குடும்பத்துக்கு 12,500 ரூபாய் எத்தனை நாள் வரும்?

இந்த எண்ணெய் கப்பலிலிருந்து வரவில்லை. நிலத்திலிருந்து வாய்க்கால் வழியே வந்தது. தருமபுரி மாவட்டத்துக்காரர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான்.

நமக்குக் கடல் இல்லை, ஆனால் எண்ணெய் நம் வழியாகத்தான் போகிறது. தேசிய நெடுஞ்சாலை 44-இல் பெங்களூருக்கும் சேலத்துக்கும் இடையே டேங்கர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. தொப்பூர் கணவாய் இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் வழக்கம் எத்தனை உயிர்களைக் குடித்திருக்கிறது என்று இந்தப் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தச் சரிவில் ஒரு டேங்கர் கவிழ்ந்தால், மழை நாளில் அது ஓடைகளில் இறங்கித் தொப்பையாற்றைச் சேரலாம். தொப்பையாறு மேட்டூர் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. ஏரியூர், நாகமரைப் பக்கம் பரிசல் ஓட்டி மீன் பிடிப்பவர்கள் அந்த நீரை நம்பித்தான் இருக்கிறார்கள். மாவட்டத்தின் கிழக்கே ஓடும் தென்பெண்ணையோ சாத்தனூர் அணை வழியாகக் கடலூர் அருகே கடலைச் சேர்கிறது. போதாக்குறைக்கு, கோவை இருகூரிலிருந்து பெங்களூரு அருகே உள்ள தேவனகொந்திக்குப் போகும் பாரத் பெட்ரோலியம் குழாய்த் திட்டத்தின் பாதையிலும் நம் மாவட்டம் வருகிறது. குழாயைச் சாலையோரமாகக் கொண்டுபோங்கள் என்று விவசாயிகள் போராடினார்கள்.

கடலில் எண்ணெய் கசிந்தால் யார் தலைமை ஏற்பது என்பதில் குழப்பமில்லை. 1996-இல் வந்த தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டப்படி இந்தியக் கடலோரக் காவல் படை ஒருங்கிணைக்கும். எண்ணெய் எந்தத் திசையில் நகரும் என்பதை ஐதராபாத்தின் ‘இன்காய்ஸ்’ நிறுவனம் கணித்துச் சொல்லும். உள்நாட்டு ஓடைக்கு அப்படி ஒரு படையில்லை. பொறுப்பு மாவட்ட நிர்வாகத்தின் தலையில்தான் விழும். ஆகவே வரைபடத்தை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்பதற்குச் சட்டம் இருக்கிறது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-இன் 31-ஆம் பிரிவு, ஒவ்வொரு மாவட்டமும் பேரிடர் திட்டம் வைத்திருக்க வேண்டும், பேரிடரால் பாதிக்கப்படக்கூடிய பகுதிகளை அதில் குறிக்க வேண்டும், ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும் என்கிறது. தருமபுரியின் திட்டத்தில் டேங்கர் விபத்தும் குழாய்க் கசிவும் இருக்கின்றனவா, எந்தப் பாலத்தடியில் எந்த ஓடை தொடங்குகிறது, மணல் மூட்டை எங்கே போட்டால் எண்ணெய் நிற்கும் என்று குறித்திருக்கிறார்களா எனத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள்.

டேங்கர் கவிழ்ந்தால் முதலில் விலகி நில்லுங்கள், காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி. 112-க்குச் சொல்லுங்கள்; ஆட்சியர் அலுவலகப் பேரிடர் எண் 1077. சிகரெட் கூடாது, வண்டியை ஸ்டார்ட் செய்யவும் கூடாது. குடத்தோடு ஓடாதீர்கள். 2017 ஜூனில் பாகிஸ்தானின் அகமதுபூர் கிழக்கில் கவிழ்ந்த டேங்கரிலிருந்து பெட்ரோல் பிடிக்கப் போன 200-க்கும் மேற்பட்டவர்கள் தீயில் மாண்டார்கள். கீழ்ப்பக்கக் கிணறுகளில் தண்ணீர் இறைப்பதை நிறுத்துங்கள், மாடுகளை ஓடையில் இறக்காதீர்கள். பாதுகாப்பான தூரத்திலிருந்து தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பயிரோ கிணறோ மீனோ கெட்டிருந்தால் கிராம நிர்வாக அலுவலரிடமும் மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்திடமும் எழுதிக் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பிறகு வழக்கைத் தாங்கி நிற்பது அந்தச் சீட்டுதான்.

பசுமைத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கோர 5 ஆண்டு அவகாசம் உண்டு. வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்குக் கட்டணம் இல்லை. தவறு யார்மேல் என்று நிரூபிக்காமலே அங்கு நிவாரணம் கிடைக்க வழியிருக்கிறது. அபாயகரமான பொருளை வண்டியில் ஏற்றிச் செல்லும்போது நேரும் விபத்துக்கு, 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டப்படி ஆட்சியரிடமே மனு கொடுக்கலாம். அதற்கும் 5 ஆண்டுதான் கெடு. குழாய்க்காக நிலம் கேட்டு அறிவிக்கை வந்தால், 1962-ஆம் ஆண்டுச் சட்டப்படி 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கெடுவைத் தவற விட்டவர்கள் ஏராளம். நிலத்தின் சந்தை மதிப்பில் 10 சதவீதமும் சேதத்துக்குத் தனி இழப்பீடும் தர வேண்டும். தொகை போதவில்லை என்றால் மாவட்ட நீதிபதியிடம் போகலாம். குழாய் போன இடத்தில் வீடு கட்டவோ கிணறு வெட்டவோ மரம் வைக்கவோ முடியாது என்பதையும் கணக்கில் கொண்டு பேசுங்கள்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தில் உங்கள் ஊராட்சியில் கிராம சபை கூடும். உங்கள் ஊர் ஓடை, கிணறுகள், மீன்பிடி துறை எல்லாவற்றையும் மாவட்டப் பேரிடர் திட்ட வரைபடத்தில் சேர்க்கச் சொல்லி அன்றைக்கு ஒரு தீர்மானம் நிறைவேற்றுங்கள்.