முகப்புப் பலகத்தின் ஒன்பது ஊசிகள்

கணிப்பொறியின் பாகங்களைத் தனித்தனியே வாங்கித் தாமே பூட்டிப் பார்க்கும் மாணவர்கள் பலர் உண்டு. செயலியைப் பொருத்துவதிலும், நினைவகப் பட்டைகளைச் செருகுவதிலும், மின்விசிறியைத் திருகி முடுக்குவதிலும் அவர்களுக்குத் தயக்கம் இருப்பதில்லை. கடைசியில் ஒரு சிறு வேலை மிஞ்சும். கேபினட்டின் முகப்பிலிருந்து தொங்கும் மெல்லிய கம்பிக் கற்றையை, மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையின் ஓரத்தில் நிற்கும் ஊசிகளில் செருக வேண்டும். அங்கேதான் கை நின்றுவிடுகிறது. செருகிகள் நகத்தளவே உள்ளன. அவற்றின்மேல் பொடி எழுத்து. பலகையில் அச்சிட்டிருக்கும் எழுத்தோ அதைவிடப் பொடி. மாற்றிச் செருகிவிட்டால் பல ஆயிரம் ரூபாய்ப் பலகை எரிந்து போகுமோ என்ற அச்சம் வேறு.

இந்த அச்சத்தில் பாதி தேவையற்றது. மறு பாதி மிகவும் தேவையானது. எந்தக் கம்பிக்கு அஞ்ச வேண்டும், எதற்கு அஞ்ச வேண்டாம் என்று பிரித்தறிய மனப்பாடம் உதவாது. ஒவ்வொரு கம்பியிலும் எவ்வளவு மின்னோட்டம், என்ன வேலையாகச் செல்கிறது என்று தெரிந்தால் போதும். பள்ளியில் படித்த ஓம் விதியே இதற்குத் தாராளம்.

பொத்தான் மாறிய கதை

1981ஆம் ஆண்டில் வெளிவந்த ஐ.பி.எம். தனிநபர் கணிப்பொறியின் பக்கவாட்டில் பெரிய சிவப்பு நிற ஸ்விட்ச் ஒன்று இருந்தது. வீட்டுச் சுவரிலுள்ள ஸ்விட்சைப் போலவே அதுவும் மின்சாரத்தை நேராக இணைத்தது, நேராகத் துண்டித்தது. பின்னர் வந்த ஏ.டி. வகைக் கேபினட்டுகளில் ஸ்விட்ச் முகப்புக்கு வந்தது. ஆனால் வேலை மாறவில்லை. பழுப்பு, நீலம், கறுப்பு, வெள்ளை என நான்கு தடித்த கம்பிகள் எஸ்.எம்.பி.எஸ். பெட்டியிலிருந்து முகப்பு வரை ஓடின. அவற்றுள் இரண்டு 230 வோல்ட்டைக் கொண்டுவந்தன. இரண்டு அதைத் திருப்பிக் கொண்டுபோயின. இந்த நான்கையும் மாற்றிப் பொருத்தினால் வீட்டு மின்சாரமே குறுக்குச் சுற்றாகிவிடும். பியூஸ் போவதோடு முடிந்தால் நல்ல காலம். முகப்புக் கம்பி என்றாலே ஆபத்து என்ற எண்ணம் அந்த நாளில் நியாயமானதே.

1995இல் இன்டெல் நிறுவனம் ஏ.டி.எக்ஸ். என்னும் அமைப்பை வெளியிட்டது. அதில் பொத்தானின் தன்மையே மாறிவிட்டது. இப்போது பொத்தான் மின்சாரத்தை இணைப்பதும் இல்லை, துண்டிப்பதும் இல்லை. "இயங்கு" என்று ஒரு செய்தியைச் சொல்வதோடு அதன் வேலை முடிந்தது. வாசலில் உள்ள அழைப்பு மணிப் பொத்தானை நினைத்துக் கொள்ளுங்கள். அதை அழுத்துபவர் கதவைத் திறப்பதில்லை. உள்ளே இருப்பவர் கேட்டுவிட்டு வந்து திறக்கிறார்.

கணிப்பொறியில் உள்ளே இருந்து கேட்பவர் யார்? சுவர் ஸ்விட்ச் போட்டிருக்கும்வரை, கணிப்பொறி அணைந்திருக்கும்போதும், எஸ்.எம்.பி.எஸ். ஒரேயொரு 5 வோல்ட் மின்னழுத்தத்தைத் தாய்ப்பலகைக்கு வழங்கிக் கொண்டே இருக்கிறது. நிறக் கம்பிகள் உள்ள எஸ்.எம்.பி.எஸ். ஆயின், ஊதா நிறக் கம்பி இதுவே. இதைக் காத்திருப்பு மின்னழுத்தம் எனலாம். இதை உண்டு விழித்திருக்கும் ஒரு சில்லு, பொத்தானின் ஊசியைக் கவனித்த வண்ணம் இருக்கிறது. அந்த ஊசி ஒரு பெரிய மின்தடை வழியாக 3.3 அல்லது 5 வோல்ட்டில் நிறுத்தப்பட்டிருக்கும். பொத்தானை அழுத்தினால் அது அருகிலுள்ள பூஜ்ய வோல்ட் ஊசியோடு இணைந்து, மின்னழுத்தம் சட்டெனப் பூஜ்யமாகிறது. சில்லு அதை உணர்ந்து, எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் பச்சைக் கம்பியைத் தானும் பூஜ்ய வோல்ட்டுக்கு இழுக்கிறது. உடனே எஸ்.எம்.பி.எஸ். முழுவதும் உயிர் பெறுகிறது. 12, 5, 3.3 வோல்ட்டுகள் நிலைப்பட்டபின், 100 முதல் 500 மில்லி விநாடி தாமதித்து, சாம்பல் நிறக் கம்பி வழியே "எல்லாம் சரி" என்ற குறிப்பு வருகிறது. அதன் பிறகே செயலி தன் முதல் கட்டளையைப் படிக்கத் தொடங்குகிறது. பொத்தானை நான்கு விநாடி விடாது அழுத்தினால் கணிப்பொறி கட்டாயமாக அணைவதும் இந்தச் சில்லு எண்ணிப் பார்த்துச் செய்யும் வேலைதான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். அந்தப் பெரிய மின்தடை 10,000 ஓம் என்றும், மின்னழுத்தம் 3.3 வோல்ட் என்றும் கொள்வோம். பொத்தான் வழியே பாயும் மின்னோட்டம் 0.33 மில்லி ஆம்பியர். ஒரு கைக்கடிகார மின்கலமே தரக்கூடிய அளவு! இதில் எரிவதற்கு என்ன இருக்கிறது?

மேலும், பொத்தான் என்பது இரண்டு உலோகத் துண்டுகள் தொட்டுக்கொள்ளும் இடம். அதற்கு நேர்முனை, எதிர்முனை என்ற பேதம் கிடையாது. எனவே பவர் ஸ்விட்ச், ரீசெட் ஸ்விட்ச் ஆகியவற்றின் செருகிகளை எப்படித் திருப்பிச் செருகினாலும் ஒன்றே. இரண்டையும் ஒன்றுக்கொன்று மாற்றிச் செருகினாலும் கேடில்லை. பெரிய பொத்தான் மறுதொடக்கம் செய்யும், சிறிய பொத்தான் கணிப்பொறியை இயக்கும், அவ்வளவே. பவர் பொத்தான் பழுதான பழைய கேபினட்டுகளில் பழுதுபார்ப்பவர்கள் வேண்டுமென்றே இப்படி மாற்றிக் கொடுப்பதுண்டு. புதுக் கேபினட் வாங்கும் செலவு அந்த மட்டில் மிச்சம்.

விளக்குகளுக்குத் திசை உண்டு

முகப்பில் இரண்டு சிறு விளக்குகள் இருக்கும். கணிப்பொறி இயங்குவதைக் காட்டுவது ஒன்று. ஹார்ட் டிஸ்க் வேலை செய்வதைக் காட்டுவது மற்றொன்று. இரண்டும் ஒளி உமிழ் டையோடுகள். டையோடு மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டுமே விடும் என்று படித்திருக்கிறோம். ஆகவே இந்தச் செருகிகளுக்கு மட்டும் நேர், எதிர் பார்க்க வேண்டும்.

தவறினால் என்ன ஆகும்? விளக்கு எரியாது. வேறொன்றும் ஆகாது. பலகையிலேயே இந்த விளக்குகளுக்குக் காவலாக ஒரு மின்தடை தொடரிணைப்பில் வைக்கப்பட்டிருக்கிறது. அது 330 ஓம் என்று கொண்டால், சிவப்பு விளக்கு ஏறத்தாழ 2 வோல்ட்டைத் தான் எடுத்துக்கொள்ள, மீதி 3 வோல்ட் மின்தடையின்மேல் விழும். மின்னோட்டம் 9 மில்லி ஆம்பியர். நீல விளக்காயின் அது 3 வோல்ட் எடுத்துக்கொள்ளும்; மின்னோட்டம் 6 மில்லி ஆம்பியராகக் குறையும். தலைகீழாகச் செருகினால் டையோடு கதவடைத்துக்கொள்ளும். வெளியே எடுத்துத் திருப்பிச் செருகினால் எரியத் தொடங்கும். எது நேர் என்று தெரியாதபோது இப்படிச் சோதித்துப் பார்ப்பதே எளிய வழி. வழக்கமாக வண்ணக் கம்பி நேர்முனை. வெள்ளை அல்லது கறுப்பு எதிர்முனை. செருகியில் சிறு முக்கோணக் குறி இருந்தால் அந்தப் பக்கமே நேர். ஆனால் கேபினட் செய்பவர்கள் எல்லோரும் வண்ண வழக்கத்தை மதிப்பதில்லை.

பவர் விளக்கின் செருகியில் ஒரு வேடிக்கை உண்டு. சில கேபினட்டுகளில் இரண்டு கம்பிக்கு மூன்று துளைச் செருகி இருக்கும்; நடுத்துளை காலி. ஏன் இந்த வீண்? 1984இல் வந்த ஐ.பி.எம். ஏ.டி. கணிப்பொறியின் முகப்பில் விசைப்பலகையைப் பூட்டி வைக்க உண்மையான பூட்டும் சாவியும் இருந்தன. பவர் விளக்கு, பூட்டு இரண்டுக்குமாக ஐந்து ஊசிகள்; அதில் முதலாவதும் மூன்றாவதும் விளக்குக்கு. பூட்டு மறைந்து எத்தனையோ ஆண்டுகளாகியும் விளக்கின் செருகி அந்த இடைவெளியைச் சுமந்துகொண்டிருக்கிறது. இன்றைய பலகைகள் பலவற்றில் விளக்கின் ஊசிகள் அடுத்தடுத்து நிற்பதால் இந்த மூன்று துளைச் செருகி பொருந்தாது. அதனால்தான் சில கேபினட்டுகளில் இரண்டு கம்பிகளையும் தனித்தனிச் செருகியாக விட்டிருக்கிறார்கள்.

இல்லாத ஊசியைத் தேடுங்கள்

இன்டெல் வகுத்த முறையைப் பெரும்பாலான பலகைகள் பின்பற்றுகின்றன. ஊசிகள் இரண்டு வரிசை; வரிசைக்கு ஐந்து இடங்கள். ஊசிக்கு ஊசி 2.54 மில்லி மீட்டர், அதாவது ஓர் அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. ஒற்றைப்படை எண்கள் ஒரு வரிசையிலும் இரட்டைப்படை எண்கள் மறு வரிசையிலும் செல்லும். 1, 3 ஹார்ட் டிஸ்க் விளக்கு. 2, 4 பவர் விளக்கு. இரண்டிலும் சிறிய எண்ணே நேர்முனை. 5, 7 ரீசெட். 6, 8 பவர் ஸ்விட்ச். பத்தாவது இடத்தில் ஊசியே இருக்காது. ஒன்பதாவதைச் சும்மா விட்டுவிடுங்கள். சில பலகைகளில் அதில் மின்தடைக் காவலின்றி 5 வோல்ட் வந்து நிற்கும். பழைய பலகைகளிலும், சில நிறுவனங்களின் பலகைகளிலும் இந்த வரிசை மாறுபடும் என்பதால், பலகையில் அச்சிட்டிருப்பதையோ உடன் தந்த கையேட்டையோ பார்த்தே தீர வேண்டும். செருகியபின் அச்செழுத்து மறைந்துவிடும். முன்பே செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்வது நல்லது.

பத்தாவது ஊசி ஏன் இல்லை? இது ஒரு பூட்டு. முகப்பிலிருந்து வரும் யு.எஸ்.பி. கம்பிக்கும், ஒலிக் கம்பிக்கும் பலகையில் இதே அளவுள்ள, இதே இரண்டு வரிசை ஊசிகள் உண்டு. மூன்றும் பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும். அவற்றைப் பிரித்துக் காட்டுவது இல்லாத ஊசியே. முகப்புப் பலகத்தில் பத்தாவது இல்லை, யு.எஸ்.பி.யில் ஒன்பதாவது இல்லை. ஒலியில் எட்டாவது இல்லை. அந்தந்தச் செருகியில் அந்தந்தத் துளை அடைக்கப்பட்டிருக்கும். எனவே ஒலிச் செருகி யு.எஸ்.பி. ஊசிகளில் இறங்காது. இறங்க மறுக்கும் செருகியை அழுத்தி இறக்குபவர்களுக்கு இந்தப் பூட்டினால் பயனில்லை.

அஞ்ச வேண்டிய கம்பி

இனி அச்சத்தின் மறு பாதிக்கு வருவோம். பொத்தானிலும் விளக்கிலும் மின்தடை காவல் நிற்பதைக் கண்டோம். யு.எஸ்.பி. ஊசிகளில் அந்தக் காவல் இல்லை, இருக்கவும் முடியாது. ஏனெனில் அது வெளியே செருகும் கருவிக்கு மின்சாரம் வழங்க வேண்டிய இடம். யு.எஸ்.பி. 2.0 முறையில் ஒரு வாய்க்கு 500 மில்லி ஆம்பியர் வரை கொடுக்க வேண்டும். பொத்தானில் பாய்ந்ததைப்போல் இது ஆயிரத்து ஐந்நூறு மடங்கு! 1, 2 ஆகியவற்றில் 5 வோல்ட். 3, 4, 5, 6 ஆகியவற்றில் செய்தி. 7, 8 ஆகியவற்றில் பூஜ்ய வோல்ட்.

பழைய கேபினட்டுகள் சிலவற்றில் யு.எஸ்.பி. கம்பிகளும் தனித்தனிச் செருகிகளாகவே வரும். அவற்றில் 5 வோல்ட் கம்பியையும் பூஜ்ய வோல்ட் கம்பியையும் இடம் மாற்றினால், முகப்பில் செருகும் பென்டிரைவுக்குத் தலைகீழான மின்னழுத்தம் போய்ச் சேரும். உள்ளே இருக்கும் சில்லுகள் அதைத் தாங்கா. பென்டிரைவு போனால் பணத்தோடு போயிற்று. அதிலிருந்த ஆய்வேடு அல்லது குடும்பப் படங்கள் போனால் எங்கே வாங்குவது?

இன்னும் ஒரு பொறி உண்டு. 2000க்குப் பின் சில ஆண்டுகள் வந்த பலகைகள் பலவற்றில் 1394 என்ற எண் குறித்த ஊசித் தொகுதி ஒன்று இருக்கும். பழைய சந்தையில் இத்தகைய பலகைகளைக் காணலாம். நிகழ்படக் கருவிகளை இணைப்பதற்கான இதிலும், யு.எஸ்.பி.யைப் போலவே, ஒன்பதாவது ஊசிதான் இல்லை. ஆகவே யு.எஸ்.பி. செருகி இதில் இதமாக இறங்கிவிடும். ஆனால் இதன் 7, 8 ஊசிகளில் இருப்பது 12 வோல்ட். யு.எஸ்.பி. கம்பி பூஜ்யம் என்று நம்பியிருக்கும் அதே இடம்! இரண்டு வேறு வேலைகளுக்கு ஒரே பூட்டை வைத்தது வடிவமைத்தவர்களின் கவனக்குறைவு என்றே சொல்ல வேண்டும். இரண்டிற்கும் வேறு வேறு நிறம் கொடுத்துச் சில நிறுவனங்கள் ஈடுகட்டின.

புதிய யு.எஸ்.பி. 3.0 செருகியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 19 ஊசிகள், சுற்றிலும் பெட்டிபோன்ற சுவர். ஒரே திசையில்தான் இறங்கும். ஆனால் கம்பி விறைப்பானது. சாய்த்து இழுத்தால் ஊசி வளையும், சில வேளை பெட்டியோடு பெயர்ந்து வரும். நேராகப் பிடித்தே எடுக்க வேண்டும்.

வேலை தொடங்குமுன் சுவரிலிருந்து மின்கம்பியைக் கழற்றிவிடுங்கள். கணிப்பொறியை அணைத்தால் போதாதா என்று கேட்கக் கூடாது. ஊதாக் கம்பியின் 5 வோல்ட் அணைந்தபின்னும் பலகையில் இருக்கிறது. கழற்றியபின் பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் மின்தேக்கிகளில் எஞ்சியதும் வடிந்துவிடும். பிறகு கேபினட்டின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொள்ளுங்கள். உடலில் சேர்ந்திருக்கும் நிலைமின்னூட்டம் சுருக்கென்று தைக்க வேண்டுமானால் சில ஆயிரம் வோல்ட் வேண்டும். சில்லுகளோ நமக்குத் தைக்காத அளவிலேயே பழுதாகக் கூடியவை.

எல்லாம் செருகி, மின்கம்பியை மீண்டும் இணைத்து, பொத்தானை அழுத்தியும் கணிப்பொறி அசையவில்லை என்று வைத்துக்கொள்வோம். பழுது பொத்தானிலா, பலகையிலா? பவர் ஸ்விட்சின் செருகியை மட்டும் கழற்றிவிட்டு, மெல்லிய முனையுள்ள திருப்புளியால் 6, 8 ஊசிகளை ஒரு கணம் சேர்த்துத் தொடுங்கள். பக்கத்திலிருக்கும் ஒன்பதாவதின்மேல் முனை படக் கூடாது. விசிறி சுழன்றால் பலகை நலம்; பொத்தானையோ அதன் கம்பியையோ பாருங்கள். சுழலாவிட்டால் எஸ்.எம்.பி.எஸ். செருகி சரியாக இறங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். செயலிக்கென்று தனியே வரும் 12 வோல்ட் செருகியைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.