மலை இறங்கும்போது பிரேக் பிடிக்காமல் போவது ஏன்? காரை எடுக்கும் முன் கவனிக்க வேண்டியவை

கொல்லிமலைப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது திணறுவது இன்ஜின். இறங்கும்போது சோதனை பிரேக்குக்கு. ‘நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு’ என்று பலர் சொல்வதுண்டு. ஆனால், பிரேக் பெரும்பாலும் முன்கூட்டியே எச்சரிக்கும்.

சத்தம்: மிதிக்கும்போது ‘கீச்’ என்று கேட்டால் பேட் தேய்ந்திருக்கலாம். ‘கரகர’வென இரும்பு உரசினால், பேட் முழுதாகத் தேய்ந்து டிஸ்க்கை அரிக்கத் தொடங்கியிருக்கலாம். பேடோடு முடிய வேண்டிய செலவு, டிஸ்க் வரை போய்விடும்.

பெடல்: ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினால் பிரேக் லைனில் காற்று புகுந்திருக்கலாம். மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல உள்ளே இறங்கினால், ஆயில் கசிவோ மாஸ்டர் சிலிண்டர் கோளாறோ இருக்கலாம். இரண்டில் எது என்றாலும் வண்டியை எடுக்காதீர்கள், மெக்கானிக்கை வரவழையுங்கள்.

பலரும் மறப்பது பிரேக் ஆயிலை. அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் 155 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் ஆவிக் குமிழ்கள் உருவாகும். பெடல் தரையைத் தொட்டாலும் வண்டி நிற்காது. பொதுவாக 2 ஆண்டுக்கு ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

இறங்கும்போது ஏறிய கியரிலேயே இறங்குங்கள். நியூட்ரல் வேண்டவே வேண்டாம். கருகல் வாடை வந்தால் ஓரமாக நிறுத்தி ஆறவிடுங்கள்; தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஒர்க்‌ஷாப்பில் பேடை ஜோடியாகவே மாற்றுங்கள். கழற்றிய பழைய பேடைக் காட்டச் சொல்லிக் கேட்கத் தயங்காதீர்கள்.