அதே கம்பம், இன்னொரு கம்பி

1930-களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பத்துக்கு ஒன்பது வீடுகளில் மின்விளக்கு எரிந்தது. பண்ணை வீடுகளிலோ பத்துக்கு ஒன்றில்தான். மிசௌரி மாநிலத்தின் பண்ணைகளில் பெண்கள் கிணற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள். பொழுது சாய்வதற்குள் மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியில் படிந்த கரியைத் துடைத்து வைத்தார்கள். ஒரு மைலுக்கு நாலைந்து வீடுகளே இருக்கும் இடத்துக்குக் கம்பி இழுத்தால் கட்டுப்படியாகாது என்று தனியார் மின் நிறுவனங்கள் கைவிரித்தன.

1935 மே மாதம் அதிபர் ரூஸ்வெல்ட் கிராம மின்மயமாக்கலுக்கென ஒரு நிர்வாகத்தை உருவாக்கினார். அடுத்த ஆண்டே அதற்குச் சட்டமும் வந்தது. அரசு கடன் கொடுத்தது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து வாங்கிக்கொண்டார்கள். உறுப்பினர் கட்டணம் பொதுவாக ஐந்து டாலர். அதை வசூலிக்க வீடு வீடாகப் போனவர்கள் இன்னொரு தாளிலும் கையெழுத்து வாங்கினார்கள். அதுதான் வழியுரிமைப் பத்திரம். ‘என் நிலத்தில் கம்பம் நடலாம், கம்பிக்கு இடைஞ்சலான மரக்கிளையை வெட்டலாம், பழுது பார்க்க ஆட்கள் வந்துபோகலாம்’ என்ற சம்மதம். பெரும்பாலும் காசு வாங்காமலோ, பேருக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டோ கொடுத்தார்கள். நான் வழிவிடாவிட்டால் அடுத்த வீட்டுக்காரருக்கு வெளிச்சம் இல்லை. அவர் வழிவிடாவிட்டால் எனக்கு இல்லை. அவ்வளவு நேரடியான கணக்கு. இருபதே ஆண்டுகளில் பண்ணை வீடுகளில் பத்துக்கு ஒன்பது மின்சாரம் பெற்றுவிட்டன.

இன்று அந்தச் சங்கங்களின் கம்பிகள் அமெரிக்க நிலப்பரப்பில் பாதிக்கும் மேல் பரவியிருக்கின்றன. ஆனாலும் மைலுக்குச் சராசரியாக எட்டு வாடிக்கையாளர்கள்தான். அதனால் இணையம் வந்தபோதும் பழைய கதையே நடந்தது: பெரிய தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. மிசௌரியின் டிப்டனில் 1939-இல் தொடங்கிய கோ-மோ மின் கூட்டுறவுச் சங்கம், 2010 வாக்கில் தானே கண்ணாடி இழைக் கம்பி இழுக்க முடிவு செய்தது. இணைப்பு வேண்டுவோரிடம் முதலில் நூறு டாலர் முன்பணம் கேட்டது. பாட்டனார் ஐந்து டாலர் கொடுத்ததைப் போலவே பேரப்பிள்ளைகளும் கொடுத்தார்கள்.

கம்பத்தை அண்ணாந்து பார்த்தால் விஷயம் எளிதாகத் தெரிகிறது. உச்சியில் மின்கம்பி. அதற்குக் கீழே தகவல் தொடர்புக்கென ஓர் இடம். இரண்டுக்கும் நடுவில் பொதுவாக நாற்பது அங்குல இடைவெளி. பழைய கம்பம் குட்டையாக இருந்தால் அதைப் பிடுங்கிவிட்டு உயரமானதை நட வேண்டும். செலவு அங்கேதான் ஏறும். உலோகமே கலக்காத ஒருவகை இழைக்கம்பியானால் மின்கம்பிக்கு அருகிலேயே கட்டிவிடலாம்.

சிக்கல் அந்தப் பழைய வழியுரிமைப் பத்திரத்தில் இருந்தது. மிசௌரியிலேயே ஷோ-மீ என்ற மின் கூட்டுறவுச் சங்கம், தன் சொந்தத் தேவைக்காக மின்பாதையில் இழை போட்டது. மிஞ்சிய இழைகளைத் துணை நிறுவனம் வழியாக வெளியாருக்குத் தொலைத்தொடர்புச் சேவையாக விற்றது. நில உரிமையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டார்கள். மின்சாரத்துக்குத்தானே வழிவிட்டோம், வியாபாரத்துக்கா என்று கேட்டார்கள். 2015-இல் ஜூரி கிட்டத்தட்ட 7.9 கோடி டாலர் கொடுக்கச் சொன்னது. 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், அத்துமீறல் நடந்தது உண்மைதான் என்று உறுதிசெய்தது. ஆனால் நிறுவனம் பெற்ற ஆதாயத்தை வைத்து இழப்பீடு கணக்கிட முடியாது என்று அந்தத் தொகையை ரத்து செய்தது.

இந்த வழக்கு நாடு முழுக்க மின் சங்கங்களைக் கலங்கடித்தது. எழுபது ஆண்டுகளில் நிலம் கைமாறியிருக்கும், பாகம் பிரிந்திருக்கும். ஆயிரக்கணக்கான பத்திரங்களைத் திரும்ப எழுதுவது எளிதல்ல. ஒருவர் மறுத்தால் பாதை நடுவழியில் நின்றுவிடும். அதனால் மாநிலங்கள் சட்டத்தை நாடின. 2017-இல் இந்தியானாவும் 2018-இல் மிசௌரியும், பிறகு வேறு பல மாநிலங்களும், மின்பாதை வழியுரிமையில் இணையக் கம்பியும் போகலாம் என்று சட்டம் இயற்றின.

இந்தச் சட்டங்கள் தேவை என்றே நினைக்கிறேன். வீட்டுப்பாடத்தைப் பதிவேற்ற நூலகத்தின் கார் நிறுத்தத்தில் காத்திருக்கும் கிராமத்துப் பிள்ளைக்கு, பத்திரத்தின் வாசகத்தைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் கோ-மோ செய்ததையும் ஷோ-மீ செய்ததையும் ஒரே தட்டில் வைக்க என்னால் முடியவில்லை. வழிவிட்டவர் வீட்டுக்கே இணையம் வருமானால், அன்று செய்த ஒப்பந்தத்தின் தொடர்ச்சி அது. அவர் தலைக்கு மேலே போய் எங்கோ இருக்கும் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, அவர் வீட்டுக்கு மட்டும் எட்டாமல் போனால் அதற்குப் பெயர் வேறு. சட்டம் இரண்டுக்கும் ஒரே கதவைத் திறந்துவிடும்போது, நிலக்காரரின் கையில் பேரம் பேச எதுவும் மிஞ்சுவதில்லை.

இந்தக் குறையைச் சரிசெய்யப் பெரிய ஏற்பாடு ஒன்றும் வேண்டாம். சங்கம் மாதாமாதம் அனுப்பும் மின் பில்லோடு ஒரு தாளை வைத்து, இழை எந்த வழியாகப் போகிறது, யாருக்குப் பயன்படும், உங்கள் வீட்டுக்கு எப்போது வரும் என்று எழுதலாம். உறுப்பினர் அல்லாத நிலக்காரருக்குத் தபாலில் அனுப்பலாம். வெளியாருக்கு விற்று வரும் வருமானத்தில் ஒரு பங்கை, அந்தப் பாதையிலேயே இன்னும் இணைப்பு கிடைக்காத வீடுகளுக்கென்று ஒதுக்கலாம்.