முறிந்த மரையாணியை அகற்றல்

முறிந்த மரையாணியை அகற்றல் என்பது, விசையுந்துப் பொறியின் துளைக்குள் முறிந்து சிக்கிய மரையாணியை (போல்ட்), துளையின் மரை சிதையாமல் வெளியே எடுக்கும் பழுதுநீக்கு முறையாகும்.

காரணங்கள்

பெரும்பாலான பொறிகளின் உருளைத்தலை அலுமினியக் கலவையாலும், மரையாணி எஃகாலும் ஆனவை. ஈரம் படும்போது இவ்விரு உலோகங்களுக்கிடையே மின்வேதி அரிப்பு ஏற்பட்டு மரைகள் இறுகிவிடுகின்றன. வத்தலக்குண்டு, பழனி ஆகிய ஊர்களிலிருந்து கொடைக்கானலுக்கு வரும் மலைப்பாதைகள் சந்திக்கும் பெருமாள்மலை போன்ற, மூடுபனியும் மழையும் மிகுந்த இடங்களில் ஓடும் வண்டிகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். இறுகிய ஆணியை வலிந்து திருகினால் அது முறிந்துவிடும்.

செய்முறை

1. ஊடுருவும் எண்ணெய் இட்டுச் சில மணிநேரம் ஊறவிட வேண்டும். பின்னர் எண்ணெயைத் துடைத்து, பெட்ரோல் தொட்டியைக் கழற்றி அப்பால் வைக்க வேண்டும்.
2. ஆணியைச் சுற்றியுள்ள அலுமினியத்தைச் சூடாக்க வேண்டும். அலுமினியம் எஃகைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரிவதால் பிடி தளரும்.
3. ஆணியின் முனை வெளியே நீட்டியிருந்தால், அதில் நட்டு ஒன்றைப் பற்றவைத்துத் திருகலாம்.
4. நீட்டாவிட்டால், ஆணியின் நடுவில் புள்ளி குத்தி, இடஞ்சுழித் துளையலகால் துளையிட வேண்டும். பல வேளைகளில் ஆணி அப்போதே கழன்றுவிடும். இல்லையெனில் இடஞ்சுழி மரை கொண்ட பிடுங்கியைப் பயன்படுத்தலாம்.

கவனிக்க வேண்டியவை

துளையிடுமுன், உலோகத்தூள் பொறிக்குள் விழாதவாறு திறப்புகளைத் துணியால் அடைக்க வேண்டும். பிடுங்கி கடினப்படுத்திய எஃகால் ஆனது. அது உள்ளே உடைந்தால் சாதாரணத் துளையலகு அதை வெட்டாது. எனவே ஆணி அசையாதபோது வலுவைக் கூட்டாமல், மீண்டும் சூடாக்குவதே நன்று. மரை சிதைந்துவிட்டால், துளையைப் பெரிதாக்கிக் கம்பிச்சுருள் மரை பொருத்தலாம்.