பழைய மகிழுந்தும் அதன் சோதனை வரலாறும்

புதிய மகிழுந்து வாங்க இயலாத குடும்பங்கள் பல, பிறர் பயன்படுத்திய மகிழுந்தை நாடுகின்றன. பல ஆண்டுச் சேமிப்பு அதற்காகச் செலவிடப்படுகிறது. விற்பனைக்கு நிற்கும் வண்டி கழுவித் துடைக்கப்பட்டுப் பளபளப்பாகவே காட்சியளிக்கும். ஆனால், மேற்பூச்சைக் கொண்டு பிரேக்கின் நிலையை அறிய முடியாது. அவ்வண்டி எப்போது, எங்கே, எதற்காகச் சோதிக்கப்பட்டது என்னும் வரலாறே அதன் உண்மை நிலையை உணர்த்தும்.

அரசின் சோதனை

சொந்தப் பயன்பாட்டிற்குரிய மகிழுந்தின் முதற்பதிவு 15 ஆண்டுகள் செல்லும் என மோட்டார் வாகனச் சட்டம், 1988 வரையறுக்கிறது. அதன்பின் வண்டியைச் சோதனைக்கு உட்படுத்தித் தகுதி உறுதியானால், பதிவு 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கப்படும். வாடகை மகிழுந்துக்கு விதி வேறு. அதற்கு 8 ஆண்டுகள் வரை 2 ஆண்டுகளுக்கு ஒரு முறையும், பின்னர் ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறுதல் வேண்டும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். 12 ஆண்டுகள் ஓடிய சொந்த மகிழுந்தின் பிரேக்கையும் ஸ்டீயரிங்கையும் இடைப்பட்ட காலத்தில் அரசு அலுவலர் சோதித்திருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இல்லை. “பதிவு இன்னும் மூன்று ஆண்டுகள் செல்லும்” என்று விற்பவர் கூறுவது மெய்யே ஆகலாம். அது வண்டி நலமாக உள்ளது என்பதற்குச் சான்றாகாது.

புகைச் சான்று

முதற்பதிவிலிருந்து ஓராண்டு கழிந்த வண்டி எதுவாயினும் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்று பெற்றிருத்தல் வேண்டும். பி.எஸ்.4, பி.எஸ்.6 வகை வண்டிகளுக்கு இச்சான்று ஓராண்டு செல்லும். அவற்றுக்கு முந்தியவற்றிற்கு ஆறு திங்கள் மட்டுமே செல்லும். பெட்ரோல் வண்டியின் புகையில் கார்பன் மோனாக்சைடு, ஹைட்ரோகார்பன் ஆகியவற்றின் அளவும், டீசல் வண்டியில் புகையின் அடர்த்தியும் அளக்கப்படுகின்றன. எனவே, இச்சான்று எஞ்சின் எரிபொருளை எவ்வாறு எரிக்கிறது என்பதை ஓரளவு காட்டும். டயர், பிரேக், அடிச்சட்டம் ஆகியவற்றைப் பற்றி எதுவும் கூறாது.

பணிமனைக் குறிப்புகள்

அரசின் சோதனை விட்டுச்செல்லும் நீண்ட இடைவெளியைப் பணிமனைச் சீட்டுகளே நிரப்புகின்றன. ஒவ்வொரு சீட்டிலும் நாள், ஓடிய கிலோமீட்டர், மாற்றப்பட்ட உறுப்புகள் ஆகியவை பதிவாகியிருக்கும். இவற்றை நாள் வரிசையில் அடுக்கிப் பார்த்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டுச் சீட்டில் 92,000 கிலோமீட்டர் என்றிருக்க, வண்டியின் மீட்டர் இன்று 71,000 எனக் காட்டினால், மீட்டர் திருத்தப்பட்டிருக்கலாம் என ஐயுறுதல் தகும். பணிமனை கணினியில் பதிவுகளை வைத்திருப்பின், உரிமையாளரின் இசைவோடு அவற்றையும் கேட்டுப் பெறலாம்.

காப்பீட்டு ஆவணமும் ஒரு சான்றே. இழப்பீடு கோராத ஆண்டுகளுக்கு ஏற்ப, வண்டியின் சொந்தச் சேதத்திற்கான கட்டணத்தில் 20 முதல் 50 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. “விபத்தே நேர்ந்ததில்லை” என்று நெடுநாள் உரிமையாளர் கூற, அத்தள்ளுபடி ஆவணத்தில் இல்லையெனில் காரணம் கேட்டல் வேண்டும். இத்தள்ளுபடி உரிமையாளரைச் சார்ந்தது, வண்டியோடு செல்வதன்று. ஆதலால், அண்மையில் கைமாறிய வண்டிக்கு அது இல்லாதிருத்தல் இயல்பே.

தாளும் வண்டியும்

ஆவணங்கள் கூறுவதும் வண்டி காட்டுவதும் ஒத்திருத்தல் வேண்டும். பதிவுச் சான்றில் உள்ள எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் வண்டியில் பொறிக்கப்பட்ட எண்களோடு ஒப்பிட வேண்டும். வாகன் இணையதளத்திலும் எம்பரிவாகன் செயலியிலும் பதிவு எண்ணை இட்டுப் பதிவு, காப்பீடு, புகைச் சான்று ஆகியவற்றின் முடிவு நாள்களைக் காணலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்பது 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் செய்யப்பட்டது எனப் பொருள்படும். “டயர் புதியது” என்னும் கூற்றை அவ்வெண்ணே சோதித்துவிடும்.

இவை அனைத்தும் ஒத்திருப்பினும், விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவரைக் கொண்டு வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பகுதியைப் பார்த்தல் நலம். அதற்காகும் செலவு, பின்னர் நேரும் செலவினும் மிகச் சிறியது.

பெயர் மாற்றம்

வங்கிக் கடன் இருந்திருப்பின், கடன் தீர்ந்ததற்கான வங்கியின் சான்று தேவை. வேறு மாநில வண்டியாயின், அங்குள்ள அலுவலகத்தின் தடையின்மைச் சான்று தேவை. தில்லியிலும் அதனைச் சூழ்ந்த தேசியத் தலைநகர வட்டாரத்திலும் 10 ஆண்டுகள் கடந்த டீசல் வண்டிகளும் 15 ஆண்டுகள் கடந்த பெட்ரோல் வண்டிகளும் ஓடக் கூடாது என்னும் ஆணையை 2018இல் உச்சநீதிமன்றம் உறுதி செய்தது. அதுபற்றிய வழக்குகள் பின்னரும் தொடர்ந்தன. ஆதலால், அங்கு வாங்குபவர் அந்நாளில் நடைமுறையிலுள்ள விதியை அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது.

பணம் கொடுத்தவுடன் கடமை முடிந்துவிடுவதில்லை. வாங்கியவர் 30 நாள்களுக்குள் உரிமை மாற்றத்தைத் தெரிவித்தல் வேண்டும். பதிவேட்டில் பழைய பெயரே நீடிக்குமாயின், விபத்து நேரும்போது அப்பெயருக்குரியவரே பொறுப்பேற்க நேரிடும். பழைய வண்டியை வாங்குதல் தவறன்று. அதில் நாளை அமரப்போகிறவர்களின் உயிரை எண்ணி, அதன் வரலாற்றை இன்றே படித்தறிதல் அறிவுடைமை.

சொற்பொருள்

அகவை – வயது
திங்கள் – மாதம்
விழுக்காடு – சதவீதம்
இசைவு – ஒப்புதல்
புலனாகும் – தெளிவாகும்

பயிற்சி

1. புகைச் சான்றைக் கொண்டு அறியக் கூடியவை எவை? அறிய இயலாதவை எவை?
2. சொந்த மகிழுந்துக்குப் பணிமனைச் சீட்டுகள் இன்றியமையாதவை ஆவது ஏன்?
3. டயர் ஒன்றில் 0817 என்னும் எண் உள்ளது. அது எப்போது செய்யப்பட்டது?
4. அகவை, இசைவு – இச்சொற்களைச் சொந்தத் தொடரில் அமைத்து எழுதுக.