ஹெய்டியின் மலை

1880-ஆம் வருஷத்தில் ஜெர்மனியிலுள்ள கோத்தா நகரத்தில் ஒரு கதைப் புஸ்தகம் பிரசுரமாயிற்று. அதில் ஆசிரியரின் பெயர் இல்லை. ஆனால், இது குழந்தைகளுக்கும், குழந்தைகளிடம் பிரியமுள்ளவர்களுக்கும் உரிய கதை என்ற குறிப்பு இருந்தது. உலகெங்கும் சிறுவர் சிறுமியர் அறிந்துள்ள ‘ஹெய்டி’தான் அந்தப் புஸ்தகம். எழுதியவர் ஜோஹன்னா ஸ்பைரி. ஸுவிட்ஜர்லாந்தில் ஹிர்ட்ஸெல் என்னும் கிராமத்தில், 1827-ல் ஒரு வைத்தியரின் புதல்வியாகப் பிறந்தவர்.

கதை ரைன் நதிப் பள்ளத்தாக்கின் மேலுள்ள மையன்பெல்ட் என்ற சிற்றூரில் தொடங்குகிறது. தாய் தந்தையற்ற ஐந்து வயதுச் சிறுமி ஹெய்டியை அவளுடைய சிற்றன்னை மலைமேல் அழைத்துச் செல்கிறாள். மூட்டை சுமக்கச் சோம்பி, ஜூன் மாதத்து வெயிலில் குழந்தைக்கு ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கவுன்களை மாட்டியிருக்கிறாள்! பாதி வழியில் குழந்தை அவற்றைக் கழற்றி வைத்துவிட்டு, ஆடு மேய்க்கும் பீட்டருடன் துள்ளி ஓடுகிறது. அதற்குப் பிறகு தாத்தாவின் குடிசை, வைக்கோல் படுக்கை, பின்புறத்தில் காற்றில் இரையும் மூன்று மரங்கள் — இவையே அவளுடைய உலகம்.

மூன்று வருஷங்களுக்குப் பின் அவளை பிராங்க்பர்ட் நகரத்துச் செல்வர் வீடொன்றில் கொண்டுபோய் விடுகிறார்கள். நடக்க இயலாமல் சக்கர நாற்காலியில் இருக்கும் கிளாராவுக்குத் துணையாக இருக்க வேண்டும். உணவுக்கும் உடைக்கும் குறைவில்லை. ஆனால் ஜன்னலைத் திறந்தால் தெரிவது கல் பாவிய தெரு. உயரமான இடத்திலிருந்து பார்த்தால் மலை தெரியும் என்று நம்பி, யாரிடமும் சொல்லாமல் ஒரு கோயில் கோபுரத்தின்மேல் ஏறுகிறாள். காவற்காரர் தூக்கிக் காட்டுகிறார். எங்கு நோக்கினும் கூரைகளும் புகைபோக்கிகளுமே! குழந்தை மனம் சோர்ந்து போகிறது.

பிறகு அவள் மெலிகிறாள். இரவில் வாசற் கதவு தானே திறந்து கிடக்க, வீட்டார் பேய் என்று நடுங்குகின்றனர். எஜமானரும் டாக்டரும் கண்விழித்துக் காவலிருந்து பார்த்தால், வெள்ளை உடையில் நிற்பவள் ஹெய்டி! கனவில் அந்த மரங்களின் ஓசையைக் கேட்டுத் தூக்கத்திலேயே கதவைத் திறக்கிறாள். டாக்டர் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. உடனே ஊருக்கு அனுப்புங்கள் என்கிறார். இது வெறும் கற்பனையல்ல. அயல்நாடுகளில் ஊர் ஏக்கத்தால் நலிந்த ஸுவிஸ் மக்களைக் கண்டே, 1688-ல் ஜோஹான்னஸ் ஹோபர் என்ற வைத்திய மாணவர் ‘நாஸ்டால்ஜியா’ என்னும் சொல்லை உண்டாக்கினார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஜெர்மனியில் வெளியான இப்புஸ்தகத்தை முதலில் கையில் எடுத்தவர்களில் பலர் ஹெய்டியைப் போன்ற மலைநாட்டுக் குழந்தைகள் அல்லர். கிளாராவைப் போன்ற நகரத்துக் குழந்தைகள். வீட்டுக்குள் இருந்து படிக்கும் கிளாராக்களை மலைக்கு அழைத்துச் செல்லவே கதை நடக்கிறது. 1881-ல் வந்த இரண்டாம் பாகத்தில் கிளாராவே மலைக்கு வருகிறாள். ஆட்டுப் பாலும் மலைக் காற்றும் அவளை நடக்க வைத்து விடுகின்றன. வைத்தியர்கள் இதை ஒப்புவார்களோ என்னவோ, படிக்கும் குழந்தைகள் ஒப்புகிறார்கள்.

பெரியவர்களையும் ஆசிரியை மறக்கவில்லை. முதற் பாகத்தின் பெயரே கெதே மகாகவியின் ‘வில்ஹெல்ம் மைஸ்டர்’ நாவல்களின் பெயர்களை நினைவூட்டுவது. அதைக் குழந்தைகள் அறிய மாட்டார்கள். ஆனால் குழந்தைகளிடம் பிரியமுள்ளவர் என்று அவர் யாரைக் கருதினார் என்பதற்கு டாக்டரே சாட்சி. கிளாரா வருமுன்பே அவர் மலைக்கு வருகிறார், ஒரே மகளைப் பறிகொடுத்த துக்கத்தோடு. (ஸ்பைரியும் தம் ஒரே மகனை இழந்தார், ஆனால் அது பின்னால், 1884-ல்.) ஹெய்டி அவரை மேய்ச்சல் நிலத்தில் உட்கார வைத்து, தனக்குத் தெரிந்த மலைகளையெல்லாம் காட்டுகிறாள். முடிவில் அவர் அடிவாரத்துக் கிராமத்தில் இடிந்த பழைய வீடொன்றை வாங்கிப் புதுப்பிக்கிறார். ஒரு பகுதி தமக்கு. மற்றது தாத்தாவும் பேத்தியும் குளிர்காலத்தில் தங்குவதற்கு. பின்புறத்தில் ஆடுகளுக்கு ஒரு நல்ல கொட்டில்.