குடும்ப வழக்கின் தீர்ப்பு நகலைத் தேடிப் பெறும் முறை

சான்று பெற்ற மணிலா விதை மூட்டையில் ஓர் அட்டை கட்டப்பட்டிருப்பதை உழவர்கள் அறிவார்கள். அதிலுள்ள குவியல் எண்ணைக் கொண்டு அந்த விதை எங்கே விளைந்தது, எப்போது பரிசோதிக்கப்பட்டது என்று கண்டுபிடித்துவிடலாம். அட்டை தொலைந்துவிட்டால் நல்ல விதையும் பெயரற்ற விதையாகிவிடும். நீதிமன்றத் தீர்ப்பும் இத்தகையதே. வழக்கு எண், ஆண்டு, நீதிமன்றத்தின் பெயர் ஆகிய மூன்றும் தெரிந்தால் பழைய தீர்ப்பையும் தேடிப் பெறலாம். இவை தெரியாவிட்டால், இருக்கும் தீர்ப்பும் இல்லாததற்குச் சமமாகிவிடுகிறது.

விவாகரத்து, ஜீவனாம்சம், பிள்ளைகளின் பாதுகாப்பு, பாகப்பிரிவினை போன்ற வழக்குகள் முடிந்தவுடன் அவற்றின் காகிதங்களை யாரும் பேணி வைப்பதில்லை. நிலம் அடுத்த தலைமுறைக்கு மாறும்போதுதான் அவற்றின் தேவை தெரிகிறது.

நகல் ஏன் தேவைப்படுகிறது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விருத்தாசலம் வட்டத்தில் இரண்டு காணி முந்திரித் தோப்பு வைத்திருந்த ஒருவர் இறந்துவிட்டார் என்று கொள்வோம். அவர் 1988-ஆம் ஆண்டு வாக்கில் முதல் மனைவியை நீதிமன்றத்தின் மூலம் விவாகரத்துச் செய்துவிட்டு, மறுமணம் செய்துகொண்டவர். இரண்டாம் மனைவி வாரிசுச் சான்றுக்கு மனுச் செய்கிறார். முதல் மனைவி ஆட்சேபணை தெரிவிக்கிறார். வட்டாட்சியர் விவாகரத்துத் தீர்ப்பின் நகலைக் கேட்கிறார். வீட்டில் அது இல்லை. வாரிசுச் சான்று நின்றுபோகிறது. பட்டா மாறுவதில்லை. பட்டா மாறாததால் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் பெறுவதும் சிக்கலாகிறது.

1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்தவரின் மனைவி முதல் வகுப்பு வாரிசு ஆவார். விவாகரத்துப் பெற்றவர் வாரிசு ஆகமாட்டார். ஆனால், தீர்ப்பு இல்லாமல் பிரிந்து மட்டும் வாழ்ந்தவர் சட்டப்படி மனைவியே. அந்நிலையில் பிறகு செய்த திருமணம் செல்லாது என்பதால் இரண்டாம் மனைவிக்குப் பங்கு கிடைக்காமல் போகலாம். பிள்ளைகளின் நிலை வேறு. விவாகரத்து ஆனாலும் முதல் தாரத்துப் பிள்ளைகளின் பங்கு போய்விடாது. செல்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்கும் தகப்பன் சொத்தில் உரிமை உண்டு. ஆகவே, ஒரே ஒரு தீர்ப்பு நகல் இரண்டு பெண்களின் வாழ்வை முடிவு செய்வதாக அமையலாம்.

எந்த நீதிமன்றத்தில் தேடுவது?

குடும்ப நல நீதிமன்றச் சட்டம் 1984-இல் இயற்றப்பட்டது. பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நகரங்களில் இந்நீதிமன்றம் அமைக்கப்பட வேண்டும். மற்ற இடங்களில் அரசு தேவைக்கேற்ப அமைக்கலாம். கடலூரில் குடும்ப நல நீதிமன்றம் உள்ளது. ஆனால், பழைய வழக்குகள் அனைத்தும் அங்கேதான் இருக்கும் என்று எண்ணக்கூடாது. இந்துத் திருமண மனுக்களைச் சார்பு நீதிமன்றங்களும் விசாரித்து வந்துள்ளன. எனவே, விருத்தாசலம் உழவர்கள் முதலில் தங்கள் ஊர்ச் சார்பு நீதிமன்றத்தில் விசாரிக்க வேண்டும்.

இந்துத் திருமண வழக்கைத் திருமணம் நடந்த ஊர், எதிர்மனுதாரர் குடியிருக்கும் ஊர், கணவனும் மனைவியும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் ஆகியவற்றில் எந்த எல்லையிலும் தொடுக்கலாம். மனைவி மனுச் செய்தால் அவர் குடியிருக்கும் ஊரிலும் தொடுக்கலாம் என்று 2003-இல் சட்டம் திருத்தப்பட்டது. தம்பதியர் கிராமத்தை விட்டு வந்து விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டையில் வேலை பார்த்து நகரில் வாடகைக்குக் குடியிருந்திருக்கலாம். பெண்ணின் தாய்வீடு உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் இருக்கலாம். எனவே, இந்த ஊர்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடுவதே முறை.

மாவட்டப் பிரிவினையையும் நினைவில் கொள்ள வேண்டும். 1993 வரை கடலூரும் விழுப்புரமும் தென்னார்க்காடு என்ற ஒரே மாவட்டமாக இருந்தன. அதன் தலைநகர் கடலூர். உளுந்தூர்ப்பேட்டை பின்னர் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019 முதல் கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேர்ந்தது. பழைய வழக்கின் கட்டு இன்றைய மாவட்ட எல்லைப்படிதான் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஜீவனாம்ச வழக்குகள் பெரும்பாலும் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் நடப்பவை. 1-7-2024-க்கு முன் அவை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்கீழ் வந்தன. இப்போது புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தின் 144-ஆம் பிரிவின்கீழ் வருகின்றன. அண்ணன் தம்பி பாகப்பிரிவினை வழக்குகளை முன்சீப் கோர்ட் எனப்படும் மாவட்ட உரிமையியல் நீதிமன்றத்திலோ, சார்பு நீதிமன்றத்திலோ தேட வேண்டும்.

வழக்கு எண்ணைக் கண்டுபிடித்தல்

முதலில் வீட்டிலேயே தேட வேண்டும். பழைய சம்மன், வக்கீல் எழுதிய கடிதம், ஜீவனாம்சம் அனுப்பிய மணியார்டர் துண்டு ஆகியவற்றில் எண் இருக்கலாம். தீர்ப்பின் அடிப்படையில் பிறகு எழுதிய கிரயப் பத்திரத்தில் அந்த வழக்கு எண்ணைக் குறிப்பிடுவது வழக்கம். வழக்கை நடத்திய வக்கீலிடமும் விசாரிக்கலாம்.

எண்ணுக்கு முன்னால் உள்ள எழுத்துகளே வழக்கின் வகையைக் காட்டும். எச்.எம்.ஓ.பி. என்றால் இந்துத் திருமண மனு, ஓ.எஸ். என்றால் அசல் வழக்கு, எம்.சி. என்றால் ஜீவனாம்ச வழக்கு.

அண்மைக்கால வழக்குகளை இ-கோர்ட்ஸ் என்னும் கணினிச் சேவையில் பெயரைக் கொண்டோ, வழக்கு எண்ணைக் கொண்டோ தேடலாம். அதில் ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்தும் எண்ணும் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. பெயரைப் பலவிதமாக எழுதித் தேட வேண்டும். குடும்ப வழக்குகளில் விவரம் மறைக்கப்பட்டிருக்கலாம். பழைய வழக்குகள் கணினியில் ஏறாமலும் இருக்கலாம். ஆகவே, கணினியில் காணவில்லை என்பதால் வழக்கே இல்லை என்று முடிவு செய்துவிடக் கூடாது.

எண் எதுவும் கிடைக்காவிட்டால் நீதிமன்றப் பதிவேட்டை நாட வேண்டும். வழக்குகள் ஆண்டுவாரியாக வரிசை எண்ணிட்டுப் பதியப்படுகின்றன. உத்தேச ஆண்டையும் இரு தரப்பாரின் பெயர்களையும் எழுதித் தேடுதல் மனுக் கொடுக்கலாம். ஆண்டு உறுதியாகத் தெரியாவிட்டால் முன்னும் பின்னும் இரண்டு மூன்று ஆண்டுகளைச் சேர்த்துக் கேட்பது நல்லது. "பெரியவனுக்குக் காது குத்திய வருஷம்" என்பது போன்ற வீட்டு நினைவுகளைக் கொண்டு ஆண்டைக் கணித்துச் செல்லலாம்.

நகல் மனு கொடுத்தல்

எண் தெரிந்தபின் அந்த நீதிமன்றத்தின் நகல் பிரிவில் மனுக் கொடுக்க வேண்டும். மனுவில் நீதிமன்றத்தின் பெயர், வழக்கு எண், ஆண்டு, இரு தரப்பார் பெயர், தீர்ப்பு நாள், தேவைப்படும் ஆவணம் ஆகியவற்றை எழுதி, உரிய நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்ட வேண்டும். தீர்ப்பு என்பது காரணங்களுடன் கூடிய முடிவு. தீர்ப்பாணை, அதாவது டிக்ரி, என்பது அம்முடிவின் சுருக்கமான கட்டளை. இரண்டின் நகலையும் கேட்க வேண்டும். பாகப்பிரிவினை வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை பங்கின் அளவை மட்டுமே சொல்லும். நிலத்தைப் பிரித்து இன்னாருக்கு இன்ன பகுதி என்று காட்டுவது இறுதித் தீர்ப்பாணையே. ஆகவே, அது பிறப்பிக்கப்பட்டதா என்பதையும் கேட்டறிய வேண்டும்.

மனுக் கொடுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. நகலுக்குத் தேவையான முத்திரைத்தாள் விவரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். குறித்த நாளுக்குள் கட்டாவிட்டால் மனு தள்ளுபடியாகலாம். மனு எண்ணைக் குறித்துக்கொண்டு, பலகையை எப்போது பார்க்க வேண்டும் என்று அப்போதே கேட்டு வர வேண்டும். கட்டு ஆவண அறைக்கோ, மாவட்ட நீதிமன்றத்துக்கோ, மேல்முறையீட்டின் பொருட்டு உயர் நீதிமன்றத்துக்கோ போயிருந்தால், எங்கே, எப்போது அனுப்பப்பட்டது என்பதை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

சிலர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் தீர்ப்பு நகல் கேட்கின்றனர். நீதிமன்ற ஆவணங்களை அந்தந்த நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. ஆகவே, நகல் மனுவே சரியான வழி.

யாருக்குக் கிடைக்கும்?

வழக்கில் தரப்பினராக இருந்தவர் நகல் பெறலாம். அயலார் குடும்ப வழக்கின் கட்டைப் புரட்டிப் பார்க்க இயலாது. இந்துத் திருமண வழக்குகள் மூடிய அறையில் விசாரிக்கப்படுபவை. அவற்றின் விவரத்தை வெளியிடுவதற்கும் சட்டத்தில் தடை உண்டு. தரப்பினர் இறந்திருந்தால், வாரிசு என்ற முறையில் இறப்புச் சான்று, உறவைக் காட்டும் ஆவணம், நகல் எதற்குத் தேவை என்று கூறும் உறுதிமொழிப் பத்திரம் ஆகியவற்றுடன் மனுச் செய்து நீதிமன்றத்தின் அனுமதியைப் பெற வேண்டும்.

விவாகரத்துத் தீர்ப்பாணையின் நகலை இரு தரப்பாருக்கும் இலவசமாகத் தர வேண்டும் என்று இந்துத் திருமணச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு கூறுகிறது. ஜீவனாம்ச உத்தரவின் நகலும் அதைப் பெறுபவருக்கு இலவசமே. வழக்கு முடிந்தவுடன் இவற்றைத் தவறாமல் கேட்டு வாங்க வேண்டும்.

பெண்கள், பிள்ளைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறலாம். வட்ட சட்டப் பணிகள் குழுவை அணுகலாம். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் கேட்கலாம். இடைத்தரகரிடம் பணம் கொடுத்து ஏமாற வேண்டியதில்லை.

தேடியும் கிடைக்காவிட்டால்

சில குடும்பங்களில் வழக்கே நடந்திராது. ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் முத்திரைத்தாளில் "தீர்த்துவிட்டதாக" எழுதிக்கொண்டிருப்பார்கள். அந்தத் தாள் நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. சாதி வழக்கப்படியான விவாகரத்தைச் சட்டம் ஏற்கிறது என்றாலும், அப்படியொரு வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருவதை நிரூபிக்க வேண்டும். இது கடினமானது. எனவே, பதிவேட்டில் எதுவும் இல்லை என்று தெரிந்தால் காலம் கடத்தாமல் வக்கீலைக் கலந்துகொள்ள வேண்டும்.

கட்டிலுள்ள எல்லாத் தாள்களும் என்றென்றும் இரா. 1917-ஆம் ஆண்டு ஆவண அழிப்புச் சட்டத்தின்கீழ், தேவையற்றவை எனக் கருதப்படும் தாள்களை விதிப்படி அழிக்கலாம். வழக்கில் தாக்கல் செய்த அசல் பத்திரங்கள் இருந்தால், மேல்முறையீட்டுக் காலம் முடிந்தபின் மனுக் கொடுத்துத் திரும்பப் பெற்றுவிட வேண்டும்.

இன்று செய்ய வேண்டியது

குடும்பத்தில் எப்போதாவது வழக்கு நடந்திருந்தால் நீதிமன்றம், வழக்கு எண், ஆண்டு, தீர்ப்பு நாள் ஆகிய நான்கையும் பட்டாவின் நகலோடு ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். விவரம் அறிந்த பெரியவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்வது நல்லது. அவர்கள் மறைந்தபின், பத்து நிமிடத்தில் கேட்டறியக்கூடிய ஓர் எண்ணுக்காகப் பிள்ளைகள் பல மாதம் நீதிமன்றத்துக்கு நடக்க நேரிடும்.